கொணர்ந்ததும் பகிர்ந்ததும்

திராட்சை விளையும் நாடுகளில் நண்பர் குழுவினரிடையே ஒரு வழக்கம் உண்டு. குறித்த ஒரு மாலையில் அவர்களுள் ஒருவர் வீட்டில் எல்லாரும் கூடுவர். வருகிற ஒவ்வொருவரும் தம் பங்காக ஒரு குப்பி திராட்சை இரசம் கொண்டுவர வேண்டும். ஆயினும் கைக்குக் கிடைத்ததைக் கொண்டுவருதல் கூடாது. இம்முறை ஒரே நிலப்பகுதியின் இரசம், அடுத்த முறை ஒரே வகைத் திராட்சை, அதற்கடுத்த முறை ஒரே ஆண்டின் விளைச்சல் என முன்னரே ஒரு பொருளை வரையறுத்துக்கொள்வர். எவ்வளவு விலைக்கு மேல் போகக்கூடாது என்பதையும் பேசி முடிவு செய்வர். சில இடங்களில் குப்பிகளைத் துணியால் மூடிவைத்து, எது எவர் கொணர்ந்தது என்று அறியாமலே சுவைத்துப் பார்ப்பதும் உண்டு.

கானாவூர்த் திருமணத்தில் பந்தி மேற்பார்வையாளர் செய்ததும் ஏறத்தாழ இதுவே. இரசம் எங்கிருந்து வந்தது என்பதை அறியாமலே அவர் சுவைத்தார் என்று யோவான் நற்செய்தி குறிப்பிடுகிறது. அறிந்திருந்தவர்கள் தண்ணீர் மொண்டு வந்த பணியாளர்களே!

மது எத்தனையோ குடும்பங்களைக் குலைத்துள்ள மண் நம்முடையது. எனவே இக்கட்டுரை மதுவைப் போற்ற வந்ததன்று. நம்முள் பெரும்பாலோர் திராட்சை இரசத்தைப் பலிபீடத்தின் மேலன்றி வேறெங்கும் கண்டதில்லை. ஆயினும் இத்தகைய கூட்டங்களைத் திட்டமிடுவோர் தீர்க்க வேண்டிய கேள்விகள் சில உள. அதிகம் கொணர்ந்தவர் அதிகம் அருந்தலாமா? குறைவாகக் கொணர்ந்தவரை எவ்விதம் நடத்துவது? வெறுங்கையோடு வந்தவருக்கு இடமுண்டா? அளவை யார் வகுப்பது? இவை இன்று நேற்றுத் தோன்றிய கேள்விகள் அல்ல. திருச்சபை தன் முதல் தலைமுறையிலேயே இவற்றை எதிர்கொண்டது. அவ்வாறு எழுந்த ஒரு பூசலின் விளைவாகவே, நற்கருணை ஏற்படுத்தப்பட்ட வரலாறு நமக்குக் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளுள் முதன்முதலாக ஏட்டில் ஏறியது. அந்த வரலாற்றைச் சற்றே பின்தொடர்ந்து செல்வது பயனுடையதாகும்.

கிரேக்கரின் பங்கு விருந்து

கிரேக்க மொழியில் 'எரானோஸ்' என்றொரு சொல் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் பங்கைக் கொணர்ந்து கூடியுண்ணும் விருந்துக்கு அது பெயர். ஓமரின் ஒடிசி காவியத்திலேயே இச்சொல் காணப்படுகிறது. ஒடிசியசின் வீட்டில் நடக்கும் கட்டுக்கடங்காத கொண்டாட்டத்தைக் காணும் ஏதேனா தேவதை, இது பங்கு விருந்தாகத் தோன்றவில்லையே என்கிறாள். தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கூடுவோர் அவ்வாறு வீணடிக்க மாட்டார்கள் என்பது உட்கருத்து.

இத்தகைய விருந்தில் எழும் சிக்கலைச் சாக்ரடீசு தீர்த்துவைத்த விதத்தை அவருடைய மாணவரான செனபோன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்துள்ளார். கூடியுண்ண வந்தவருள் சிலர் நிறையத் தொடுகறி கொணர்ந்தனர். சிலர் சிறிதளவே கொணர்ந்தனர். சாக்ரடீசு பணியாளனை அழைத்து, சிறிதளவு கொணர்ந்தவருடையதைப் பொதுவில் வைக்குமாறு, அல்லது எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுமாறு பணித்தார். அந்தச் சிறு பங்கிலிருந்து தாமும் உண்டபின், நிறையக் கொணர்ந்தவர் தம்முடையதைத் தமக்கென வைத்துக்கொள்ள நாணினர். அவர்களும் பொதுவில் வைத்தனர். தமக்கு அதிகமாக எதுவும் கிடைக்கவில்லை என்று கண்டபின், ஆடம்பரத் தொடுகறிக்குச் செலவிடுவதையும் விட்டுவிட்டனர். எவரையும் கடிந்துகொள்ளாமல், ஏழையின் பங்கை முதலில் பொதுவாக்கியதன் வாயிலாகவே செல்வரின் பங்கையும் பொதுவாக்கிய நுட்பம் கருதத்தக்கது.

உணவு முடிந்தபின் தொடங்குவது 'சிம்போசியம்' எனப்பட்ட அருந்தும் அவை. அதற்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பர். இரசத்தோடு எவ்வளவு தண்ணீர் கலப்பது என்பதை வகுப்பது அவருடைய பொறுப்பு. தண்ணீர் கலவாத இரசத்தைக் குடிப்பது நாகரிகமற்றோர் செயல் என்று கிரேக்கர் எண்ணினர். நடுவே வைக்கப்பட்ட பெருங்கலத்தில் இரசத்தையும் தண்ணீரையும் கலந்து, அதிலிருந்தே எல்லாருடைய கிண்ணங்களுக்கும் மொண்டு ஊற்றுவர். ஆகவே ஒருவருக்குக் கடுமையானது, மற்றவருக்கு மென்மையானது என்ற வேறுபாட்டுக்கு அங்கு இடமில்லை.

பேசுபொருளையும் முன்னரே வகுத்துக்கொள்வதுண்டு. நாடக ஆசிரியர் அகத்தோன் கி.மு. 416-இல் பரிசு பெற்றதைக் கொண்டாடக் கூடிய அவையைப் பிளேட்டோ தம் நூலொன்றில் சித்திரித்துள்ளார். முந்திய நாளின் மிகுகுடியால் களைத்திருந்த நண்பர்கள், அன்று எவரையும் வற்புறுத்துவதில்லை என்றும், குழலிசைப்பவளை அனுப்பிவிட்டு ஒவ்வொருவரும் அன்பைப் பற்றி உரையாற்றுவது என்றும் முடிவு செய்கின்றனர். மருத்துவர் ஒருவரே இதனை முன்மொழிகிறார்.

ஆனால் இந்த அழகிய ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் நாம் மறத்தலாகாது. கிரேக்கரின் அந்த அவை குடிமக்களான ஆடவர்க்கு மட்டுமே உரியது. மனைவியர்க்கு அங்கு இடமில்லை. அடிமைகள் கிண்ணம் நிரப்ப மட்டுமே அங்கு நின்றனர். கலம் ஒன்றே, ஆனால் அதிலிருந்து அருந்தும் உரிமை எல்லாருக்கும் இல்லை.

உரோமையரின் சங்கங்கள்

உரோமைப் பேரரசில் ஏழை எளியோர் தமக்கெனச் சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். இறந்தால் முறையாக அடக்கம் செய்யவும், ஆண்டில் சில நாள் கூடியுண்ணவும் அவை உதவின. உரோமைக்குத் தெற்கேயுள்ள இலானுவியம் என்னும் ஊரில் 1816-இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று இத்தகைய சங்கத்தின் விதிகளை நமக்குக் காட்டுகிறது. அது பொறிக்கப்பட்டது கி.பி. 136-இல்.

புதிதாகச் சேர்பவர் 100 செஸ்டர்ஸ் பணமும் ஒரு சாடி நல்ல இரசமும் தர வேண்டும். அந்தச் சாடியின் கொள்ளளவு ஏறத்தாழ 26 லிட்டர். மாதச் சந்தா 5 செப்புக்காசுகள். விருந்து நாள்களில் முறைவைத்து நால்வர் பொறுப்பேற்பர். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சாடி நல்ல இரசமும், உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்ப அப்பமும், ஆளுக்கு நான்கு மத்தி மீனும் தர வேண்டும். விருந்தில் இடம்விட்டு இடம் மாறிக் குழப்பம் விளைவித்தால் 4 செஸ்டர்ஸ் தண்டம். வசைமொழி பேசினால் 12. சங்கத்தில் அடிமைகளும் உறுப்பினராய் இருந்தனர். உறுப்பினரான அடிமை ஒருவர் விடுதலை பெற்றால், அந்த மகிழ்ச்சிக்கு அடையாளமாக ஒரு சாடி நல்ல இரசம் கொணர வேண்டும் என்பதும் விதி. நான்கு மத்தி மீனும் அப்பமுமே விருந்தாகக் கொண்ட எளியோர் தம்முள் எத்துணை ஒழுங்கைப் பேணினர் என்பதை இக்கல்வெட்டு உணர்த்துகிறது.

செல்வர் வீட்டுப் பந்தியோ வேறு வகையாக இருந்தது. இளைய பிளினி என்னும் உரோமை அறிஞர் முதலாம் நூற்றாண்டின் இறுதியளவில் எழுதிய கடிதம் ஒன்றில் தாம் கண்ட விருந்தொன்றைக் கூறுகிறார். வீட்டுக்காரர் மூன்று வகை இரசங்களைச் சிறுசிறு குப்பிகளில் வைத்திருந்தார். விருந்தினர் தமக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்ள அன்று. தமக்குத் தரப்பட்டதை மறுக்க இயலாதிருக்கவே! ஒன்று தமக்கும் பிளினி போன்றோருக்கும்; மற்றொன்று தகுதியில் தாழ்ந்த நண்பர்களுக்கு; மூன்றாவது விடுதலை பெற்ற முன்னாள் அடிமைகளுக்கு. தம் பந்தியில் எல்லாருக்கும் ஒரே இரசம் என்கிறார் பிளினி. செலவு மிகாதோ என்று கேட்டவர்க்கு அவர் அளித்த மறுமொழியின் சாரம் இது: தாம் அருந்துவதை அவர்கள் அருந்துவதில்லை, அவர்கள் அருந்துவதைத் தாம் அருந்துகிறார்.

ஒரே கூரையின் கீழ் மூன்று வகைக் குப்பிகள். இதுவே அக்காலச் சமுதாயம்.

கொரிந்தில் எழுந்த வழக்கு

கொரிந்து நகரைக் கி.மு. 146-இல் உரோமைப் படை தரைமட்டமாக்கியது. நூறாண்டு கழித்து, கி.மு. 44-இல், யூலியு சீசர் அதனை மீண்டும் நிறுவினார். அங்குக் குடியேறியவர்களுள் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். இரு துறைமுகங்களுக்கிடையே அமைந்த அந்நகரில் வணிகம் செழித்தது; திடீர்ச் செல்வரும் தோன்றினர். நம் பாட்டன் பாட்டியர் சின்னப்பர் என்று அன்போடு அழைத்த புனித பவுலடியார் கி.பி. 50-க்கும் 52-க்கும் இடையே அங்குத் தங்கி ஒரு திருச்சபையை உருவாக்கினார். டெல்பியில் கிடைத்த கல்வெட்டு கல்லியோ என்னும் ஆளுநரைக் குறிப்பிடுவதால், இக்காலத்தை நாம் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அந்நாளில் கோவில்கள் இல்லை. வசதி படைத்தவர் ஒருவரின் வீட்டிலேயே சபை கூடும். ஞாயிறு அன்று ஓய்வு நாளும் அன்று. அதனை ஓய்வு நாளாக்கும் ஆணையைக் கான்ஸ்டன்டைன் பேரரசர் பிறப்பித்தது 321-இல்தான். ஆகவே அடிமைகளும் கூலியாள்களும் வேலை முடிந்த பின்னரே வந்திருக்கக்கூடும். வசதியுடையோர் முன்னரே வந்து, தாம் கொணர்ந்த உணவையும் இரசத்தையும் அருந்தத் தொடங்கிவிட்டனர். பிந்தி வந்த எளியவர்க்கு எஞ்சியது ஒன்றுமில்லை. ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் வெறித்திருந்த அவலத்தைப் பவுலடியார் எபேசு நகரில் இருக்கையில் கேள்வியுற்றார். ஏறத்தாழ 54-ஆம் ஆண்டில் அவர் எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில் இதனைக் காண்கிறோம்.

இந்நிகழ்ச்சிக்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் தருகின்றனர். தோமினிக்கன் சபைத் துறவியான ஜெரோம் மர்ஃபி ஓ'கானர் 1983-இல் வெளியிட்ட நூலில் வீட்டின் அமைப்பையே சுட்டிக்காட்டினார். அக்கால வீட்டு உணவறையில் ஏறத்தாழ ஒன்பது பேரே சாய்ந்து உண்ண முடியும். ஏனையோர் முற்றத்தில் இருந்தாக வேண்டும். உள்ளே இருந்தவர் வீட்டுக்காரரின் நண்பர். வெளியே இருந்தவர் எளியவர். செருமானிய விவிலிய அறிஞரான பீட்டர் லாம்பேயோ, இது அவரவர் பங்கைக் கொணரும் 'எரானோஸ்' விருந்தாகவே இருந்திருக்க வேண்டும் என்கிறார். கொணர்ந்ததைப் பொதுவில் வைக்காமல் தாமே உண்டதுதான் குற்றம். எவ்விளக்கத்தை ஏற்றாலும் உண்மை ஒன்றே: பந்தி பிளவுபட்டிருந்தது.

பவுலடியாரின் மறுமொழியில் ஒரு சொற்பொருத்தம் நம் நெஞ்சைத் தொடுவதாகும். கிரேக்க மூலத்தில் 'ஆண்டவருக்குரிய விருந்து' என்பதற்கு எதிராக 'சொந்த விருந்து' என்ற தொடரை அவர் நிறுத்துகிறார். நீங்கள் கூடி உண்பது ஆண்டவருடைய விருந்தே அன்று. அவரவர் தம் சொந்த விருந்தை உண்கிறீர்கள் என்பது அவருடைய வாதம். அப்பமும் இரசமும் இருந்தன, மன்றாட்டும் இருந்திருக்கும். ஆயினும் இல்லாதவரை நாணச் செய்ததால் அது ஆண்டவருடையதாய் இல்லாமற்போயிற்று. எத்துணைக் கடுமையான தீர்ப்பு!

இத்தீர்ப்புக்கு அடிப்படையாகவே, தாம் பெற்றுக்கொண்ட மரபை அவர் எடுத்துரைக்கிறார். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் இயேசு அப்பத்தை எடுத்ததும், கிண்ணத்தை எடுத்ததும், நினைவாகச் செய்யுமாறு பணித்ததும் இங்குதான் இடம்பெறுகின்றன. நற்செய்தி நூல்கள் எழுதப்படுவதற்கு முன்னரே எழுதப்பட்ட சான்று இது. ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் கேட்கும் அந்த வரலாறு, முதன்முதலில் ஒரு பந்திப் பூசலைத் தீர்க்கவே எழுதப்பட்டது என்பதை எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது. கொரிந்து மக்கள் ஒழுங்காகப் பகிர்ந்துண்டிருந்தால், பவுலடியார் இதனை எழுதவேண்டிய தேவையே எழுந்திராது!

இறுதியில் அவர் தரும் அறிவுரை மிக எளியது. கூடும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருங்கள். அவர் கையாளும் கிரேக்கச் சொல்லுக்குக் காத்திருத்தல் என்ற பொருளோடு, வரவேற்று ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. நேரத்தில் காத்திருப்பதும், நெஞ்சில் இடம் தருவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

அன்பு விருந்து

பவுலடியார் பங்கு விருந்தை ஒழித்துவிடவில்லை. அது 'அகாப்பே' என்னும் அன்பு விருந்தாக நெடுநாள் நிலைத்தது. ஆனால் அரசின் கண் அதன்மேல் விழுந்தது. நாம் முன்னர்ச் சந்தித்த அதே பிளினி, சின்ன ஆசியாவின் பித்தினியா பகுதிக்கு ஆளுநராய் இருந்தபோது, ஏறத்தாழ 112-இல், திராயான் பேரரசருக்குக் கிறித்தவரைப் பற்றி எழுதினார். அவர்கள் விடியுமுன் கூடிக் கிறித்துவைப் பாடுவதாகவும், பின் மீண்டும் கூடி எளிய, தீங்கற்ற உணவை உண்பதாகவும், சங்கங்களுக்குத் தடை விதித்த ஆணைக்குப்பின் அதனையும் விட்டுவிட்டதாகவும் அறிந்ததாக அவர் தெரிவிக்கிறார். இக்கடிதத்துக்குச் சற்று முன்னதாக, அமிசு என்னும் நகர மக்கள் பங்கு விருந்துச் சங்கம் நடத்தலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். அவர்களுடைய உடன்படிக்கைச் சட்டம் இடம் தருமானால் தடுக்க வேண்டாம். அதிலும் அப்பணம் கலகக் கூட்டங்களுக்கன்றி ஏழையரைத் தாங்கச் செலவிடப்படுமானால் தடுக்கத் தேவையில்லை என்று மறுமொழி வந்தது. கிறித்தவரைத் துன்புறுத்திய பேரரசும், பங்கு விருந்துக்குத் தகுதி ஏழைக்கு உதவுவதே என்று கண்டுகொண்டது வியப்பன்றோ?

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் உரோமையில் எழுதிய புனித ஜஸ்டின், ஞாயிறு வழிபாட்டில் அப்பமும், இரசமும், தண்ணீரும் கொணரப்படுவதைக் குறிப்பிடுகிறார். வசதியுடையோர் தம் விருப்பப்படி தருவதெல்லாம் தலைவரிடம் சேர்க்கப்படும். அவர் அதைக் கொண்டு அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வெளியூரார் ஆகியோரைக் காப்பார்.

கார்த்தேசு நகரத் தெர்த்துல்லியன் ஏறத்தாழ 197-இல் எழுதிய தற்காப்புரையில் அன்பு விருந்தின் ஒழுங்கை விரித்துரைக்கிறார். முதலில் மன்றாட்டு, பின் பசி தணியுமளவு உணவு, தூய வாழ்வினர்க்குத் தகுமளவே பானம். கைகழுவி விளக்கேற்றிய பின், ஒவ்வொருவரும் நடுவே வந்து, மறைநூலிலிருந்தோ தம் உள்ளத்திலிருந்தோ கடவுளைப் பாட அழைக்கப்படுவர். ஒருவர் எவ்வளவு குடித்தார் என்பதற்கு அதுவே சோதனை என்று அவர் புன்னகையோடு சேர்த்துக்கொள்கிறார். நிற்கவும் பாடவும் இயலாதவர் அளவு மீறியவர்!

அதே கார்த்தேசின் ஆயராய் 258-இல் மறைச்சாட்சியாய் உயிர்நீத்த புனித சிப்ரியான், இரு செய்திகளால் நம் வரலாற்றில் இடம் பெறுகிறார். ஒன்று, செல்வப் பெண்ணொருத்தியை நோக்கி அவர் விடுத்த கண்டனம். காணிக்கை எதுவும் கொணராமல் ஆண்டவரின் விருந்துக்கு வந்து, ஏழை கொணர்ந்த காணிக்கையிலிருந்தே பங்கு பெறுகிறாயே என்று கேட்டார். ஏழையும் கொணர்ந்தார் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. மற்றொன்று, கிண்ணத்தில் தண்ணீர் கலப்பதற்கு அவர் தந்த விளக்கம். இரசம் கிறித்துவின் இரத்தத்தையும், தண்ணீர் மக்களையும் குறிக்கும். கலந்தபின் பிரிக்க இயலாதவாறு மக்கள் கிறித்துவோடு இணைகின்றனர். கிரேக்கர் மிதத்துக்காகக் கலந்த தண்ணீர், திருச்சபையில் ஒன்றிப்பின் அடையாளமாக உயர்ந்தது.

மோனிக்கம்மாளின் கூடை

நான்காம் நூற்றாண்டில் துன்புறுத்தல் ஓய்ந்தது. மக்கள் திரள் திரளாக உள்ளே வந்தனர். மறைச்சாட்சிகளின் கல்லறைகளில் உணவும் இரசமும் வைத்து உண்ணும் வழக்கம் பெருகியது. முன்னோரின் கல்லறையில் விருந்துண்ட பழைய பழக்கமே புது உரு எடுத்தது எனலாம். இலவோதிக்கேயா சங்கம் கோவில்களுக்குள் அன்பு விருந்து நடத்தலாகாது எனத் தடை விதித்தது.

இக்காலத்தில்தான் ஓர் ஆப்பிரிக்கக் கைம்பெண் மிலான் நகருக்கு வந்தார். அவர் புனித மோனிக்கம்மாள். தம் ஊர் வழக்கப்படி கூழும், அப்பமும், இரசமும் கொண்ட கூடையோடு மறைச்சாட்சிகளின் நினைவிடத்துக்குச் சென்றார். வாயில் காவலர் தடுத்தார். ஆயர் அம்புரோசியாரின் ஆணை என்று அறிந்ததும், அவர் மறுசொல் கூறாது ஏற்றுக்கொண்டார். இதைத் தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் பகுதியில் மகன் அகுஸ்தினார் வியந்து எழுதுகிறார். அத்தாய் ஆப்பிரிக்காவிலும் மிகுதியாகப் பருகியவர் அல்லர். ஒரே ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் மிகுத்துக் கலந்த இரசம். எத்தனை நினைவிடங்களுக்குச் சென்றாலும் அந்த ஒரே கிண்ணமே. அதையும் உடனிருந்தோர்க்குச் சிறு சிறு மிடறாகப் பகிர்வார். தடைக்குப்பின் கூடைக்குப் பதிலாக மன்றாட்டு நிறைந்த நெஞ்சைக் கொணர்ந்தார். கைப்பொருளை ஏழையர்க்கு ஈந்தார்.

சிறுமியாய் இருக்கையில் சாடியிலிருந்து இரசம் மொள்ளச் சென்று, ஒவ்வொரு மிடறாகப் பழகி, பணிப்பெண் ஒருத்தி குடிகாரி என ஏசியபோது வெட்கி அப்பழக்கத்தை அன்றே விட்டவர் அவர். இதையும் மகனே மறைக்காமல் எழுதியிருக்கிறார். எனவே அவருடைய மிதம் பிறவிக் குணமன்று, வென்றெடுத்த பண்பு.

அகுஸ்தினாரும் பின்னாளில் இதே சிக்கலை எதிர்கொண்டார். 395-இல், ஹிப்போ நகரில் குருவாய் இருந்தபோது, 'மகிழ்ச்சி' என்ற பெயரால் கோவிலில் நடந்துவந்த குடிவிருந்தை நிறுத்த அவர் முயன்றார். மக்கள் முணுமுணுத்தனர், முன்பு தடுக்காதவர்களெல்லாம் கிறித்தவர் இல்லையா என்று கேட்டனர். அவர் மறையுரையாற்றுகையில் விவிலிய ஏட்டைக் கையில் வாங்கிப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதைப் படித்துக் காட்டினார். மக்கள் கண்ணீர் விட்டனர், அவரும் அழுதார். அன்று பிற்பகல் விருந்துக்குப் பதிலாக மறைநூல் வாசகமும் திருப்பாடலும் ஒலித்தன. அதே வேளையில் பிரிவினையாளரின் கோவிலிலிருந்து விருந்தின் ஆரவாரம் கேட்டது என்று தம் நண்பர் அலிப்பியுசுக்கு அவர் எழுதினார். 340 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு திருமுகம், கடல் கடந்த மற்றோர் ஊரில் மீண்டும் வேலை செய்தது!

ஒரே கலத்தில்

விருந்து கோவிலை விட்டு வெளியேறிய பின்னும், கொணரும் வழக்கம் மட்டும் வழிபாட்டில் நிலைத்தது. உரோமையில் திருத்தந்தை நிறைவேற்றிய திருப்பலியின் ஒழுங்கை, ஏறத்தாழ 700-ஆம் ஆண்டுக்குரிய ஏடொன்று விவரிக்கிறது. திருத்தந்தை தாமே இறங்கி வந்து அப்பங்களைப் பெறுவார். தலைமைத் திருத்தொண்டர் அவரைப் பின்தொடர்ந்து, மக்கள் தத்தம் வீட்டிலிருந்து கொணர்ந்த சிறு குப்பிகளை வாங்கி, அவற்றிலுள்ள இரசத்தைப் பெரிய கிண்ணம் ஒன்றில் ஊற்றுவார். அது நிரம்பியதும், பீடப்பணியாளர் ஏந்திவரும் பெருங்கலத்தில் கொட்டப்படும். பின்னர்த் திருத்தந்தையின் குப்பியும் திருத்தொண்டர்களின் குப்பிகளும் வரும். கடைசியாகப் பாடகர் குழுவின் சார்பில் தண்ணீர் தரப்படும். அது சிலுவை வடிவில் கிண்ணத்தில் ஊற்றப்படும்.

இக்காட்சியை எண்ணிப் பார்ப்போம். உயர்குடியாளர் தோட்டத்தில் விளைந்த இரசமும், எளியவர் கடையில் வாங்கிய இரசமும் ஒரே கலத்தில் விழுகின்றன. விழுந்தபின், எது எவருடையது என்று எந்தச் சுவைஞராலும் பிரித்துக் கூற இயலாது. குப்பிகளைத் துணியால் மூடும் தேவையும் இங்கில்லை. பிளினி கண்ட மூன்று வகைக் குப்பிகளுக்கும், கொரிந்தின் இரண்டு வகைப் பந்திக்கும் திருவழிபாடு தந்த மறுமொழி இந்த ஒரே கலம்தான்.

காலப்போக்கில் புளியாத அப்பத்தைத் தனியே தயாரிக்கும் வழக்கம் மேலைத் திருச்சபையில் பரவியது. மக்கள் பொருளாகக் கொணர்வது குறைந்து, பணக் காணிக்கை அவ்விடத்தைப் பெற்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் 1970-இல் வெளியான திருப்பலி நூல், நம்பிக்கையாளர் காணிக்கைப் பொருள்களைக் கொணரும் பவனிக்கு மீண்டும் இடமளித்தது. முன்போல் மக்கள் தம் வீட்டு அப்பத்தையும் இரசத்தையும் கொணராவிடினும், அச்சடங்கின் ஆற்றலும் பொருளும் குன்றவில்லை என்று அதன் பொது விதிமுறை தெளிவாக்குகிறது.

நம் பந்தி

தென்மாவட்டங்களில் பாதுகாவலரின் திருவிழாவையொட்டி அசனம் நடைபெறுவதை நாம் அறிவோம். அரிசி கொடுப்பவர் அரிசி, காய்கறி கொடுப்பவர் காய்கறி, ஒன்றும் இல்லாதவர் உழைப்பு. எல்லாம் ஒரே அண்டாவில் வெந்தபின், எவர் கொடுத்த அரிசி எவர் இலையில் விழுந்தது என்று யார் அறிவார்? பெயர் அறியாத பழைய பங்கு விருந்தின் தம்பி இது எனலாம்.

ஆயினும் கொரிந்தின் நிழல் நம்மேலும் விழுந்திருக்கிறது. வடக்கன்குளம் ஆலயத்தில் வழிபட வந்தோரைச் சாதியால் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே பீடத்தை நோக்கியிருந்தோர் ஒருவரையொருவர் நோக்காதிருக்க எழுப்பிய சுவர் அது. கல்லாலான சுவரை இடித்துவிடலாம். எந்தத் தெருவின் அரிசியை வாங்குவது, எந்தத் தெருவாரை முதல் பந்தியில் அமர்த்துவது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எவ்விடம் என்னும் கணக்குகள் நெஞ்சுக்குள் எழுப்பும் சுவரை இடிப்பது எளிதன்று. அத்தகைய கணக்கு நடக்கும் இடத்தில் பீடத்தில் எது நிகழ்ந்தாலும், பந்தியில் நிகழ்வது சொந்த விருந்தே என்று பவுலடியார் சொல்லத் தயங்கமாட்டார்.

பங்கு விருந்தின் சட்டம் எல்லாக் காலத்திலும் ஒன்றாகவே இருந்துவந்துள்ளது. கொணர்ந்தவர் தாம் கொணர்ந்ததை விட்டுக்கொடுத்தாலன்றி அது விருந்தாகாது. கூடியிருந்து தனித்தனியே உண்பதாகவே முடியும். சாக்ரடீசு சிறு பங்கை முதலில் பொதுவில் வைத்தார். இலானுவியத்து ஏழையர் அடிமையின் விடுதலையைத் தம் விருந்தாக்கினர். மோனிக்கம்மாள் கூடையை இறக்கிவைத்தார். உரோமை நகரத்துத் திருத்தொண்டர் எல்லாக் குப்பிகளையும் ஒரே கலத்தில் கவிழ்த்தார்.

அடுத்த ஞாயிறன்று காணிக்கைப் பவனி நம்மைக் கடந்து பீடத்தை நோக்கிச் செல்லும்போது, அந்தச் சிறு இரசக் குப்பியைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். அது எவர் கொணர்ந்தது என்று எழுதப்பட்டிருக்காது. எழுதப்படாமலே இருக்கட்டும். நமக்குப்பின் வரவேண்டியவர் எவரேனும் இன்னும் வந்துசேரவில்லையா என்று வாசலை நோக்குவதே நாம் செய்யவேண்டியது.